பச்சை விளக்கு யாரை எண்ணுகிறது?

நான்கு சாலைகள் கூடும் சந்திப்பில் ஒரு மணி நேரத்துக்கு இருப்பவை 3,600 விநாடிகள்தாம். நான்கு திசைகளும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சந்திப்புக்கு முன்னும் பின்னும் சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் அதில் எவ்வளவு கடந்துபோகும் என்பதை அந்தப் பங்கில் விழும் பச்சை விநாடிகளே முடிவு செய்கின்றன. சென்னையின் அண்ணா சாலையோ பூந்தமல்லி நெடுஞ்சாலையோ, காலை மாலை வேளைகளில் பயணத்தை நீட்டுவது பெரும்பாலும் சிக்னலில் நிற்கும் நேரம். ஆகவே போக்குவரத்து மேலாண்மை அடிப்படையில் ஒரு பங்கீட்டுப் பிரச்சினை. பங்கிடுவது என்று வந்துவிட்டால், எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி முதலில் எழும். நம் நகரங்களில் சிக்னல் நேரம் வண்டிகளை எண்ணித்தான் பிரிக்கப்படுகிறது. வண்டிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது கணக்கில் வருவதில்லை. நெரிசலுக்கு நாம் தேடும் தீர்வுகள் பலவும் தடம் மாறிப்போனதற்கு வேர் இந்த அளவுகோலில் இருக்கிறது என்பது என் வாதம்.

அந்த அளவுகோலின் பெயர் பயணிக் கார் அலகு. பொறியாளர்கள் பேச்சில் பி.சி.யூ. காரும் ஆட்டோவும் லாரியும் சைக்கிளும் கலந்து ஓடும் சாலையில் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்ட ஒரு பொது அலகு வேண்டும். கார் ஒன்றுக்கு ஓர் அலகு என்று வைத்து, மற்ற வண்டி ஒவ்வொன்றும் எத்தனை காரின் இடத்தை அடைக்கிறது என்று பார்க்கிறார்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு 1990-ல் வெளியிட்ட நகரச் சாலை வழிகாட்டியின்படி மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டிக்கு 0.5, அவற்றின் பங்கு பத்து சதவீதத்தை எட்டினால் 0.75. ஆட்டோவுக்கு 1.2 முதல் 2 வரை. பேருந்துக்கும் லாரிக்கும் 2.2 முதல் 3.7 வரை. கைவண்டிக்குக்கூட 2 முதல் 3 வரை உண்டு. இந்த எண்களை நான் குறைசொல்லவில்லை. ஒரு பேருந்தின் நீளத்தையும், அது நின்று கிளம்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் பார்த்தால் மூன்றரைக் காருக்கு ஈடு என்பது நியாயமான மதிப்பீடுதான். ஆனால் வண்டி எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதோடு அட்டவணை நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் எத்தனை பேரை அது கடத்திவிடுகிறது என்பதற்கு அதில் பத்தியே இல்லை. ஒரு திசையில் பதினொரு கார், இன்னொரு திசையில் மூன்று பேருந்து என்றால் இந்தக் கணக்குக்கு இரண்டும் ஏறத்தாழச் சமம். காருக்கு ஒன்றரைப் பேர், பேருந்துக்கு ஐம்பது பேர் என்று வைத்தால் ஒரு பக்கம் பதினாறு பேர், மறு பக்கம் நூற்றைம்பது பேர். இரு பக்கத்துக்கும் ஒரே அளவு பச்சை.

இதை ஒரு சந்திப்பில் வைத்துப் பார்க்கலாம். சிக்னலை நெருங்கும் சாலையின் அகலத்தை மீட்டரில் எடுத்து 525-ஆல் பெருக்கினால், பச்சை தொடர்ந்து எரியும் ஒரு மணி நேரத்தில் அது விடக்கூடிய கார் அலகுகள் கிடைக்கும். பிரிட்டனில் உருவாகி, இந்தியாவில் நீண்ட காலமாகக் கையாளப்பட்டுவரும் சூத்திரம் இது. ஏழு மீட்டர் அகலம் என்றால் 3,675 அலகு. 120 விநாடிச் சுழற்சியில் இந்தத் திசைக்கு 40 விநாடி பச்சை என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 1,225 அலகு. முழுக்கக் கார்களே வந்தால் சுமார் 1,840 பேர் கடப்பார்கள். நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அதாவது மணிக்கு 60 பேருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேருந்துக்கு மிகக் கடுமையான 3.7 என்ற மதிப்பையே போட்டாலும் அவை எடுப்பது 222 அலகு. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவற்றில் போகிறவர்கள் 3,000 பேர். மீதி ஐந்தில் நான்கு பங்கை நிரப்பும் ஆயிரம் கார்களில் போகிறவர்கள் 1,500 பேர். பேருந்துகளை இருமடங்காக்கி, அந்த இடத்துக்கு ஈடான கார்களைக் குறைத்தால் அதே தார், அதே 40 விநாடி, 4,500 பேருக்குப் பதில் 7,000 பேருக்கும் மேல் கடத்திவிடும். இவை காகிதக் கணக்குகள் என்பது உண்மை. நிறுத்தங்களில் ஏற்படும் தடங்கலை நான் சேர்க்கவில்லை. ஆனால் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, தடங்கலுக்குத் தாராளமாகக் கழித்தாலும் முடிவு மாறாது.

சிக்னல் நேரக் கணக்கின் மூலவர் என்று பிரிட்டன் சாலை ஆய்வுக்கூடத்தின் எஃப். வி. வெப்ஸ்டரைச் சொல்லலாம். 1958-ல் வெளியான அவருடைய சிறு நூல் இன்றும் பொறியியல் வகுப்புகளில் பாடம். அவர் கணக்கின் மையத்தில் இருப்பது வீணாகும் நேரம். விளக்கு ஒரு திசையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும், முன்வண்டி கிளம்பத் தயங்கும் நேரமும் சந்திப்பு காலியாகக் காத்திருக்கும் நேரமுமாகச் சில விநாடிகள் யாருக்கும் பயன்படாமல் போகின்றன. கல்யாணப் பந்தியில் இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த வரிசை உட்காரும்வரை யாரும் சாப்பிடாத இடைவெளி போன்றது இது. மாற்றத்துக்கு நான்கு விநாடி, நான்கு திசைக்கும் சேர்த்துப் பதினாறு விநாடி என்று கொண்டால், 60 விநாடிச் சுழற்சியில் 73 சதவீத நேரம்தான் பயனாகும். 120 விநாடியில் 87. 180 விநாடியில் 91. நெரிசல் கூடும்போது காவலர்கள் பச்சையை நீட்டிக்கொண்டே போவதற்குக் காரணம் இந்த ஏறுமுகம். ஆனால் இரண்டு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குப் போனால் கிடைக்கும் லாபம் நான்கு சதவீதப் புள்ளிதான். அதற்கு விலையாக மற்ற மூன்று திசைகளில் வரிசை வளர்ந்து முந்தைய சந்திப்பைத் தொட்டு அதையும் அடைக்கிறது. நடந்து கடக்க நிற்பவர் பொறுமை இழந்து வண்டிகளுக்கிடையே புகுகிறார்.

வெப்ஸ்டரின் சூத்திரத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. நகரத்தை ஆள்கிறவர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான். சந்திப்பு தாங்கக்கூடிய அளவில் 85 சதவீதம் வரை வண்டிகள் வந்தால், மேற்சொன்ன பதினாறு விநாடி வீணுடன், உகந்த சுழற்சி 193 விநாடி. வரத்து 75 சதவீதமாகக் குறைந்தால் அது 116 விநாடி. வரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. சுழற்சியோ நாற்பது சதவீதம் சுருங்கிவிட்டது. நிரம்பும் தறுவாயில் இருக்கும் சந்திப்பில் கடைசியாக வந்து சேரும் சில வண்டிகளே எல்லோருடைய காத்திருப்பையும் பல மடங்காக்குகின்றன. இதை ஒரு முழு நகரமே சோதித்துப் பார்த்திருக்கிறது. ஸ்டாக்ஹோம் 2006-ன் முதல் ஏழு மாதங்கள், நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் விதித்தது. எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. வரிசையில் நிற்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. தொடக்கத்தில் எதிர்த்த மக்களே அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. சென்னைக்குக் கட்டணம் வேண்டும் என்று இப்போது சொல்ல வரவில்லை. சாலையில் பாதியைக் காலி செய்தால்தான் நிம்மதி என்ற மலைப்பு தேவையில்லை, பத்துப் பதினைந்து சதவீதமே பெரிய மாற்றத்தைத் தரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சந்திப்புதான் இடைஞ்சல் என்றால் அதைத் தாண்டிப் போகும் மேம்பாலம் கட்டிவிடலாமே என்று கேட்கலாம். 1973-ல் ஜெமினி மேம்பாலம் திறந்த நாளிலிருந்து சென்னை இந்த விடையைத்தான் திரும்பத் திரும்ப எழுதிவருகிறது. 2008-ல் கத்திப்பாராவின் சுற்றுப் பாலம் அதன் உச்சம். வெவ்வேறு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் கத்திப்பாரா போன்ற இடத்தில் அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்துச் சிக்னல்கள் இருக்கும் நகரச் சாலையில் ஒரு சந்திப்பை மட்டும் திறந்துவிட்டால், அங்கே நின்ற வரிசை அடுத்த சந்திப்பில் போய் நிற்கும். பாலத்தின் பலன் யாருக்கு என்பதிலும் பழைய அளவுகோலே வேலை செய்கிறது. நிறுத்தம் சந்திப்பின் அடியில் இருக்கிறது என்பதால் பல பேருந்துகள் பாலத்தில் ஏற முடியாது. பாலத் தூண்கள் குறுக்கிய கீழ்ச்சாலையில், பழைய சிக்னலிலேயே அவை நிற்கும். மேலே போவது காரும் இருசக்கர வண்டியும். கூட்டிய இடம் காலியாக இருப்பதும் இல்லை. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து டுராண்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, நெடுஞ்சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று காட்டியது.

அதே ஆய்வு என் வாதத்துக்கும் ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் மொத்த வண்டி ஓட்டம் குறையவில்லை என்பது அதன் இன்னொரு முடிவு. பேருந்துக்கு மாறியவர் விட்டுச்சென்ற இடத்தில் புதிதாக ஒரு கார் வந்துவிடுகிறது. அப்படியானால் பேருந்து நெரிசலைத் தீர்க்காது என்று அர்த்தமா? வண்டிகளின் வேகத்தைக் கொண்டு அளந்தால், ஆமாம். கடந்துபோகும் ஆட்களைக் கொண்டு அளந்தால், அதே நெரிசலில் கூடுதலாக ஆயிரக்கணக்கானோர் வேலைக்கும் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பேருந்துகளை மட்டும் வாங்கி, அவை கார்களுக்குப் பின்னால் நிற்கவேண்டிய நிலையை மாற்றாமல் விட்டால் பலன் பாதிதான் என்பதையும் இந்த முடிவு உணர்த்துகிறது. மிச்சமாகும் இடத்தைக் கையோடு பேருந்துக்கும் நடைபாதைக்கும் எழுதிவைக்க வேண்டும். சியோல் அதைச் செய்தது. நகர நடுவில் சோங்கேச்சோன் ஓடையை மூடி எழுந்திருந்த உயர்மட்டச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் பேருந்துத் தடங்கள் அனைத்தையும் மாற்றி அமைத்து, பெரிய சாலைகளின் நடுவில் பேருந்துக்கென்றே பாதை ஒதுக்கியது.

தனிப் பாதை என்றதும் தில்லியைக் காட்டுவார்கள். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008-ல் திறந்த பேருந்துப் பாதை கடும் எதிர்ப்புக்குள்ளாகி 2016-ல் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தத் தோல்வியில் கற்க வேண்டியது நிறைய. நடுச்சாலையில் பேருந்துக்குத் தனிப் பாதை கொடுத்தபோது சந்திப்பில் கூடுதல் சிக்னல் கட்டங்கள் வந்தன, ஒவ்வொரு கட்டமும் வெப்ஸ்டர் சொன்ன வீண் நேரத்தைக் கூட்டியது, சுழற்சி நீண்டது, நெடுநேரம் நின்ற கார்க்காரர் பக்கத்தில் காலியாகத் தெரிந்த பாதையைப் பார்த்துக் கொதித்தார். ஒரு பாதையில் நிமிடத்துக்கு இரண்டு பேருந்து போனால்கூட இடையில் அது காலியாகத்தான் தெரியும். பாதையை ஒதுக்கியவர்கள் சிக்னலை முதலில் சரிசெய்திருக்க வேண்டும். ஜூரிச் நகரம் அந்த வரிசையில்தான் போனது. 1977-ல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த நிதியைக் கொண்டு, டிராமும் பேருந்தும் சந்திப்பை நெருங்கும்போதே உணர்ந்து பச்சை தரும்படி சிக்னல்களை மாற்றியது. நகரத்துக்குள் தாங்கும் அளவுக்கு மேல் வண்டிகள் வராதபடி, விளிம்பிலுள்ள சிக்னல்களிலேயே தடுத்து அளந்து விடுகிறது.

பேருந்து நேரத்துக்கு வருவதில்லை, அதனால்தான் வண்டி வாங்கினோம் என்று சென்னையில் சொல்கிறவர்களின் குறை முழுக்க நியாயமானது. அந்தத் தாமதம் எங்கே உண்டாகிறது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சந்திப்புக்குச் சற்று முன்னால் இருக்கிறது நிறுத்தம். நிறுத்தத்தின் ஓரத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்பதால் பேருந்து சாலை நடுவிலேயே நிற்கிறது. பின்னால் வருபவை அதைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிறைகின்றன. ஆட்கள் ஏறி முடிக்கும்போது பச்சை வந்து பாதி கழிந்திருக்கும். ஸ்டாப் லைனில் குவிந்த இருசக்கர வண்டிகள் முதல் சில விநாடிகளில் பறந்துவிடும். பின்னால் நிற்கும் பேருந்து அசைய மேலும் பல விநாடிகள் ஆகும். கோட்டை நெருங்கும்போது மஞ்சள். இரண்டு நிமிடம் போயிற்று. உள்ளே ஐம்பது அறுபது பேர். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்களின் நேரம்தான் இந்த மஞ்சளில் பெரும்பாலும் கரைகிறது. அரசு டிக்கெட்டை இலவசமாக்கியது நல்ல செயல். அவர்களுடைய நேரத்துக்கு மதிப்புக் கொடுப்பது பாக்கி இருக்கிறது. ஒரு தடத்தில் 20 பேருந்து, போய்வர 120 நிமிடம் என்றால் ஆறு நிமிடத்துக்கு ஒன்று வரும். நிறுத்தத்தைச் சந்திப்புக்கு அப்பால் தள்ளி, பேருந்து நெருங்கும்போது பச்சையைச் சில விநாடி நீட்டி, போய்வரும் நேரத்தை 100 நிமிடமாக்கினால் அதே 20 பேருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வரும். நான்கு புதிய பேருந்துகளையும் அவற்றுக்கான ஓட்டுநர், கண்டக்டர்களையும் சேர்த்ததற்குச் சமம் அது.

எல்லாவற்றுக்கும் ஒழுங்கின்மைதான் காரணம், வரிசையாகப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கருத்தும் பரவலாக இருக்கிறது. சிவப்பைத் தாண்டுவதும், எதிர்த்திசையில் வருவதும், ஸ்டாப் லைனை மிதித்து நிற்பதும் குற்றங்கள், கண்டிப்பு வேண்டும். ஆனால் தடம் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாகப் போவது கார்கள் மட்டுமே ஓடும் நாடுகளின் பழக்கம். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் 2014-ல் எடுத்த காணொளியிலிருந்து, சுமார் 245 மீட்டர் நீளத்தில் மூவாயிரம் வண்டிகளின் அசைவைத் துளித்துளியாகப் பதிவு செய்த ஆய்வு உலக அளவில் பயன்பட்டுவருகிறது. அந்த வண்டிகளில் பாதிக்கு மேல் இருசக்கர வண்டிகள். கிடைக்கும் இடைவெளியிலெல்லாம் பக்கவாட்டில் நகர்ந்து இடத்தை நிரப்பிப் போவது அவற்றின் இயல்பு. இரண்டரை அடி அகலமுள்ள வண்டியை மூன்றரை மீட்டர் தடத்துக்குள் காரைப் போல நிற்கச் சொன்னால் சாலை தாங்கும் அளவு குறையும். அதற்காக இருசக்கர வண்டியே விடை என்று சொல்லிவிட முடியாது. வண்டிக்கு 1.3 பேர், 0.75 அலகு என்று கொண்டால் அலகுக்கு 1.7 பேர், காரின் ஒன்றரைக்குச் சற்று மேல். பேருந்துக்கோ அலகுக்குப் பதின்மூன்று பேருக்கும் மேல். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். இந்த எண்ணைப் பார்த்த பிறகு, பாதிக் குடும்பங்களை அதில் ஏற்றிவிட்டு நகரம் சமாளிக்கிறது என்று நிறைவடைய என்னால் முடியவில்லை.

தானியங்கிச் சிக்னல்கள் வந்து தீர்த்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதே கேள்வியை வைக்க வேண்டும். சிட்னியின் ஸ்காட்ஸ், பிரிட்டனின் ஸ்கூட் போன்ற அமைப்புகள் 1970களிலிருந்து வளர்ந்தவை. சாலைக்கடியில் பதித்த கம்பிச் சுருள் வழியாக வரத்தை உணர்ந்து நேரத்தை மாற்றுபவை. தடம் பிரியாத நம் சாலையில் சுருள் தடுமாறும், கேமரா ஓரளவு ஈடுகொடுக்கும். ஆனால் எதைக் குறைக்கச் சொல்கிறோமோ அதைத்தான் இயந்திரம் குறைக்கும். வண்டிகளின் தாமதத்தைக் குறை என்றால் பேருந்தை நிறுத்திவைத்து நான்கு கார்களை அனுப்புவது அதற்குச் சரியான முடிவு. மாநகரப் பேருந்துகளில் கண்டக்டர் கையில் மின்னணு டிக்கெட் கருவி வந்துவிட்டது. எந்தத் தடத்தில் எந்த நேரத்தில் எத்தனை பேர் என்பது அன்றன்றே தெரியக்கூடியது. அந்த எண்ணைச் சிக்னலுக்குக் கொண்டுபோகத் தொழில்நுட்பம் தடையில்லை.

மிஞ்சியிருப்பவர் நடப்பவர். கைவண்டிக்கும் இடம் தந்த அட்டவணையில் அவருக்கு அலகே கிடையாது. சென்னையில் 2008-ல் எடுத்த கணக்குப்படி பயணங்களில் கால் பங்குக்கும் மேல் நடையாகவே நடந்தன. காரின் பங்கு ஆறு சதவீதம் அளவில்தான். 2014-ல் மாநகராட்சி நடைபாதைக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் அறுபது சதவீதத்தை அவற்றுக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. ஆனால் சந்திப்பில் கடப்பதற்கு நேரம் கேட்டால், முடியாது என்று பொறியாளர்கள் சொல்ல வலுவான காரணம் உண்டு. இருபது மீட்டர் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்கப் பதினேழு விநாடி வேண்டும். எல்லாத் திசையையும் நிறுத்தி இருபது விநாடி தனியாகக் கொடுத்தால் அது வீண் நேரத்தோடு சேர்ந்து, 75 சதவீத வரத்திலும் சுழற்சியை 236 விநாடிக்குத் தள்ளிவிடும். இருந்தும் வழி இருக்கிறது. நான்கு திசைகளும் ஒவ்வொன்றாகத் திறக்கும் சந்திப்பில், ஒரு சாலையிலிருந்து வரும் வண்டிகளுக்குச் சிவப்பு விழும்போதெல்லாம் அவை வரும் பாதி காலி. நான்கில் மூன்று கட்டங்களில் அதைக் கடக்கலாம். வண்டிகள் வெளியேறும் மறு பாதி, அதே சாலைக்குப் பச்சை விழும் கட்டத்தில் காலியாகிறது, ஏனென்றால் அப்போது மற்ற மூன்று திசைகளும் நிற்கின்றன. நடுவில் ஒரு சக்கர நாற்காலியும் நாலைந்து பேரும் பாதுகாப்பாக நிற்க இரண்டு மீட்டர் திட்டு இருந்தால், ஒரு விநாடிகூடக் கூட்டாமல் இரண்டு கட்டமாகக் கடந்துவிட முடியும். இதைக் கெடுப்பவை இரண்டு: பச்சையோடு சேர்த்து விடும் யூ-டர்ன், எந்நேரமும் ஓடும் ஃப்ரீ லெஃப்ட். சிவப்பிலும் இடப்பக்கம் திரும்பலாம் என்ற அந்த அனுமதி இருக்கும்வரை வெளியேறும் பாதி எப்போதுமே காலியாவதில்லை. கடப்போர் அதிகமுள்ள சந்திப்புகளில் அதை ரத்து செய்து, இடப்பக்கம் திரும்பும் வண்டிகளையும் அந்தந்தத் திசையின் பச்சைக்குள் கொண்டுவந்தால், அந்தப் பச்சையில் கூடும் சில அலகுகளை முன்னே கண்ட பேருந்துக் கணக்கில் கிடைக்கும் மிச்சத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.